ரிசார்ட்டில் இரண்டு நாள் டிசைன் திங்கிங் ஒர்க்‌ஷாப்: களத்து வேலைக்கு இதனால் ஏதாவது நடக்குமா?

களத்துமேடு (கேள்வி):

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தேங்காய் நார்த்தூள் ஏற்றுமதிக் கம்பெனியில் இருக்கிறேன். பெயருக்கு எச்ஆர், நிஜத்தில் பிஎஃப், ஈஎஸ்ஐ, சம்பளப் பட்டியல், லாரிக்கு இ-வே பில் எல்லாம் நான்தான். மொத்தம் நூற்று நாற்பது பேர். பாதிப்பேர் பொள்ளாச்சிப் பக்கம், மீதி கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கமிருந்து தினமும் எல்லை தாண்டி வருகிறவர்கள், அப்புறம் தூளை அழுத்திக் கட்டியாக்குகிற பிளாக் பிரஸ்ஸில் பதினெட்டு ஒடியா பையன்கள்.

முதலாளி இரண்டாம் தலைமுறை, ஆள் நல்லவர். கோயம்புத்தூரில் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து இன்னோவேஷன் கல்ச்சர், இன்னோவேஷன் கல்ச்சர் என்று ஒரே பேச்சு. ஆழியாறு பக்கம் ரிசார்ட்டில் இரண்டு நாள் ஒர்க்‌ஷாப் வைக்கலாம் என்கிறார். ஒரு ட்ரெய்னர் கொட்டேஷன் அனுப்பியிருக்கிறார், மூன்றரை லட்சம், ஜிஎஸ்டி தனி, ரூம் வாடகை தனி. ஆபீஸ் ஆட்கள் இருபது பேர் மட்டும் போதும் என்கிறார். தூள் காயப்போடுகிற களத்தில் வேலை செய்கிறவர்களைக் கூப்பிடலாமா என்று கேட்டதற்கு, "அவங்களுக்கு ஃபாலோ பண்ணக் கஷ்டமா இருக்கும் மேடம்" என்று போனிலேயே முடித்துவிட்டார். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் வெளிநாட்டு பையர் ஒருவர், பிளாக்கைத் தண்ணீரில் ஊறப்போட்டால் அடியில் மணல் தங்குகிறது என்று படம் எடுத்து அனுப்பினார். ஒரு கண்டெய்னருக்குத் தள்ளுபடி கொடுக்க வேண்டியதாகிவிட்டது. புது சல்லடை மெஷின் வாங்கலாம் என்று பேச்சு ஓடுகிறது, ஆனால் மணல் எங்கிருந்து வருகிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் அந்த ஒர்க்‌ஷாப் உதவுமா, இல்லை போட்டோ எடுத்துக்கொண்டு வருவதோடு சரியா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

வாளையார்க்காரன்:

போட்டோவோடு சரி.

கோபப்படாதீர்கள், விளக்கமாகவே சொல்கிறேன். நான் கஞ்சிக்கோட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் இருக்கிறேன், சில வருடங்களுக்கு முன் எங்களுக்கும் இதே வைபவம் நடந்தது, பாலக்காட்டில் ஏசி ஹால், மஞ்சள் சீட்டு, ஸ்கெட்ச் பேனா, நடுவில் ஒரு நூல்கண்டை ஒருவர்மேல் ஒருவர் தூக்கிப்போடும் விளையாட்டு. நிஜமாகவே நன்றாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். மோல்டிங்கில் பதினைந்து வருடமாக வாயைத் திறக்காத ஒரு அண்ணன் அன்றைக்கு எழுந்து நின்று அரைமணி நேரம் பேசினார். இருநூறு சீட்டுக்கு மேல் சுவரில் ஒட்டினோம். ட்ரெய்னர் அதையெல்லாம் சார்ட் பேப்பரோடு சுருட்டி எங்கள் மேனேஜர் கையில் கொடுத்தார்.

அந்தச் சுருள் ஸ்டோர் ரூம் பீரோவுக்குப் பின்னால் நின்றது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் சுவர் ஒழுகி ஊறிப்போனதும்தான் வெளியே எடுத்தார்கள், குப்பைக்கு.

யோசனை சொன்ன ஒருத்தருக்குக்கூட 'செய்கிறோம்' என்றோ 'முடியாது, இதனால்' என்றோ பதில் வரவில்லை. அடுத்த வருடம் எம்டி மீட்டிங்கில் ஐடியா சொல்லுங்கள் என்றபோது அதே அண்ணன் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒர்க்‌ஷாப்பே வைக்காமல் விட்டிருந்தால் அவர் எப்போதும்போல் சும்மா இருந்திருப்பார், அவ்வளவுதான். வைத்ததால் இங்கே சொல்லிப் பிரயோஜனமில்லை என்று கற்றுக்கொண்டுவிட்டார். ஆக உங்கள் முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: திங்கட்கிழமை காலையில் அந்தச் சீட்டுகளுக்குப் பதில் சொல்லப்போவது யார்? பெயர் வராவிட்டால் மூன்றரை லட்சத்துக்கு எல்லோருக்கும் தீபாவளி போனஸ் கூட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சிறுவாணித்தண்ணி:

நான் கோவையில் இந்த ஒர்க்‌ஷாப்களை நடத்துகிற ஆள்தான், அதனால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டே படியுங்கள்.

வாளையார் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு நடக்கிறது. ஆனால் அதில் முறையின் குற்றம் எவ்வளவு, வைத்தவர்களின் குற்றம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். டிசைன் திங்கிங் என்பது மஞ்சள் சீட்டு இல்லை. ஐடியோ மாதிரி டிசைன் கம்பெனிகள் தங்கள் வேலையில் செய்துகொண்டிருந்ததை, ஸ்டான்ஃபோர்டில் டேவிட் கெல்லியும் கூட்டாளிகளும் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிற வடிவமாக்கினார்கள். பயன்படுத்துகிறவரின் பக்கத்தில் போய்ப் பார், பிரச்சனை என்ன என்று திரும்ப எழுது, வழிகளை யோசி, மட்டமாக ஒரு மாதிரி செய், அவரிடமே கொடுத்துச் சோதி. இந்த ஐந்தில் முதலாவதையும் கடைசியையும் ரிசார்ட்டில் உட்கார்ந்து செய்யவே முடியாது. நடுவில் இருக்கிற யோசி மட்டும்தான் ஹாலுக்குள் அடங்கும், அதனால்தான் எல்லோரும் அதை மட்டும் விற்கிறார்கள் (நானும் விற்றிருக்கிறேன், வருத்தமுண்டு).

ஜிஇ ஹெல்த்கேரில் டக் டீட்ஸ் என்று ஒருவர் எம்ஆர்ஐ மெஷின் வடிவமைப்பவர். தான் செய்த மெஷினைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு சின்னக் குழந்தை அதற்குள் போகப் பயந்து அழுததைப் பார்த்தார். பல குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் ஸ்கேன் எடுக்கிறார்கள் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. அதற்கப்புறம் ஸ்டான்ஃபோர்டு வகுப்புக்குப் போனார். திரும்பி வந்து மெஷினின் உள்பாகங்களைத் தொடவில்லை, அறையையே கடற்கொள்ளையர் கப்பல் மாதிரி வரைந்து, ஸ்கேன் எடுப்பவருக்குக் கதை சொல்லக் கற்றுக்கொடுத்து, பிட்ஸ்பர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வைத்தார். மயக்க மருந்து தேவைப்பட்ட குழந்தைகள் வெகுவாகக் குறைந்துபோனார்கள். அவரும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனவர்தான், ஆனால் உறுத்துகிற ஒரு பிரச்சனையைக் கையில் வைத்துக்கொண்டு போனார். உங்களிடம் மணல் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு தீம் என்ன வைக்கலாம் என்று தேடாதீர்கள்.

நம் பக்கத்து ஆளையே பாருங்களேன், கோவை முருகானந்தம். பெண்களுக்கு மாதவிடாய் நாப்கின் செய்யக் கிளம்பியவர், அது தாங்குகிறதா என்று பார்க்க ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார், சைக்கிள் ஓட்டினார். எந்த ட்ரெய்னரும் அவருக்கு எம்பதி மேப் (பயன்படுத்துகிறவர் என்ன நினைக்கிறார், என்ன உணர்கிறார் என்று போடுகிற படம்) வரைந்து காட்டவில்லை.

கல்ச்சர் விஷயத்துக்கு வருகிறேன். ஐபிஎம் 2013 வாக்கில் இதைக் கையில் எடுத்தபோது டிசைனர்களையே ஆயிரத்துக்கும் மேல் வேலைக்குச் சேர்த்தது, நடந்துகொண்டிருந்த ப்ராஜெக்ட்களின் டீம்களையே பயிற்சிக்கு உட்கார வைத்தது, வருடக்கணக்கில் செய்தது. அவ்வளவு பணம் இருக்கிறவனுக்கே வருடங்கள் ஆயிற்று, இரண்டு நாளில் கல்ச்சர் வரும் என்று எவராவது கொட்டேஷனில் எழுதியிருந்தால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.

ட்ரெய்னர் களத்து ஆட்கள் வேண்டாம் என்றாரே, அந்த ஒரு பதிலுக்காகவே நான் அவரை எடுக்க மாட்டேன்.

ஆரம்பாக்கம் லோக்கல்:

நான் தமிழ்நாட்டின் அந்தக் கோடி. கும்மிடிப்பூண்டியில் வீடு, வேலை எல்லை தாண்டி ஆந்திராவில் ஸ்ரீசிட்டியில், வண்டி பாகம் செய்கிற கம்பெனி. எங்கள் ஷாப்பில் தெலுங்கு, தமிழ், ஹிந்தி மூன்றும் ஓடும்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான், இதில் புதுசு என்ன? டொயோட்டாவில் 1951-லேயே தொழிலாளி யோசனை சொல்கிற திட்டம் வந்துவிட்டது. க்யூசி சர்க்கிளை (தரத்தைச் சீர்ப்படுத்தத் தொழிலாளிகளே சின்னக் குழுவாக உட்கார்ந்து பேசுவது) ஜப்பான்காரன் 1962-ல் ஆரம்பித்தான், நம் நாட்டில் 1980-ல் ஹைதராபாத் பெல் (பிஎச்இஎல்) கம்பெனியில் வந்தது. நாங்கள் வாரம் ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து அரைமணி உட்காருகிறோம், டீயும் பன்னும் கம்பெனி செலவு. சொன்ன யோசனைக்கு ஏழு நாளுக்குள் போர்டில் பதில் எழுதியாக வேண்டும், முடியாது என்றால் ஏன் முடியாது என்று காரணத்தோடு. அந்த போர்டுதான் எல்லாம். பரிசு நூறு ரூபாய், அதற்காக யாரும் சொல்வதில்லை, போர்டில் பெயர் இருக்கிறதே, அதற்காகத்தான்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. எழுதச் சொல்லாதீர்கள், எழுதச் சொன்னால் எழுதத் தெரிந்தவன் யோசனை மட்டும்தான் வரும். வரையட்டும், இல்லை சொல்லட்டும், பக்கத்தில் ஒருத்தர் எழுதிக்கொள்ளட்டும்.

சிறுவாணித்தண்ணி:

@ஆரம்பாக்கம், பாதி ஒத்துக்கொள்கிறேன். இருக்கிற வேலையைச் சீர்ப்படுத்த உங்கள் போர்டை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் 'மணலைச் சலிப்பது எப்படி' என்று கேள்வியை வைத்துவிட்டால் நூறு யோசனையும் சல்லடையைப் பற்றித்தான் வரும். கேள்வியே தப்போ என்று நின்று பார்க்க வைப்பதுதான் இதில் கூடுதலாக இருக்கிற ஒரு சங்கதி.

மொழி விஷயத்தோடு இன்னொன்று. கூட்டமாக உட்கார்ந்து கத்துவதைவிட முதலில் தனித்தனியாக யோசித்து அப்புறம் சேர்த்தால் யோசனை அதிகம் வருகிறது என்று 1958-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துக் காட்டிவிட்டார்கள். பத்து நிமிடம் பேச்சில்லாமல் இருக்கட்டும், முதலாளி கடைசியில் பேசட்டும். முதலில் அவர் பேசினால் மீதி எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள், முக்கியமாக நம் ஊரில்.

பழைய சூப்பர்வைசர்:

ரிசார்ட்டில் சாப்பாடு நன்றாக இருக்கும், போய் வாருங்கள்.

சீரியஸாக: யோசனை வராததற்குக் காரணம் யோசனை இல்லாதது இல்லை, பயம். தப்பு நடந்தது என்று சொன்னவன்தான் முதலில் மாட்டுவான். எமி எட்மண்ட்சன் என்று ஹார்வர்ட் அம்மணி ஒருவர் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் வருகிற தவறுகளை ஆராய்ந்தார். நல்ல டீமில் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்துப் போனால் அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. அங்கே பயமில்லாமல் வெளியே சொன்னார்கள், மற்ற இடத்தில் மூடிவிட்டார்கள். மேடம், உங்கள் கம்பெனியில் போன மாதம் யாராவது வந்து 'இது என் தப்பு' என்று சொன்னார்களா? இல்லை என்றால் ஒர்க்‌ஷாப்புக்கு முன்னால் அதைப் பாருங்கள்.

களத்துமேடு:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை கதையைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாளியிடம் ரிசார்ட் வேண்டாம், ஒருநாள் முழுக்க என்னோடு களத்தில் நில்லுங்கள் என்றேன். சிரித்தார், ஆனால் வந்தார். சும்மா நின்றோம். மதியம் மூன்று மணிவரை ஒன்றுமில்லை, எனக்கே மானம் போகிற மாதிரி இருந்தது. மூன்றரைக்கு கணவாய்ப் பக்கமிருந்து மேகம் கட்டியது. அதுவரை ஆடி அசைந்து ஓடிய டிராக்டர் சடாரென்று வேகமெடுத்தது, பரப்பிக் காயப்போட்ட தூளை மழைக்கு முன்னால் குவிக்க வேண்டுமே. களத்தின் மேற்கு ஓரத்தில் சிமெண்ட் தளம் முடிந்து செம்மண் ஆரம்பிக்கிறது, அந்த அவசரத்தில் பிளேடு அதைத் தாண்டிப் போய் மண்ணோடு வழித்துக்கொண்டு வருகிறது. வெயில் நாளில் மணல் இல்லை, மழை மிரட்டுகிற நாளில் மட்டும்தான். லேப் ரிப்போர்ட்டில் ஒருநாள் மணல் ஒருநாள் இல்லை என்று குழம்பிக்கொண்டிருந்தோமே, இதுதான்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வருகிற ஒரு சேச்சி, தூள் கிளறுகிறவர், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இது எனக்குப் போன வருஷமே தெரியும் மேடம்" என்றார். ஏன் சொல்லவில்லை என்றால், சூப்பர்வைசரிடம் சொன்னாராம், அவர் டிராக்டர் ஓட்டுகிறவரிடம் போய்ச் சொல் என்றாராம், டிராக்டர் ஓட்டுகிறவர் சேச்சியின் கொழுந்தனார். வீட்டில் சண்டை வேண்டாமென்று விட்டுவிட்டார்.

சல்லடை மெஷின் ஆர்டர் இப்போதைக்கு நிறுத்தம். மேற்கு ஓரத்தில் இரண்டு அடி உள்ளே தள்ளி வெட்டிப்போட்ட தென்னைமரத் துண்டுகளை வரிசையாகப் போட்டிருக்கிறோம், பிளேடு அதைத் தாண்டாது. அதைச் சொன்னது கொழுந்தனாரேதான், அவரைத் திட்டக்கூடாது என்று முதலாளியிடம் முதலிலேயே வாக்கு வாங்கியிருந்தேன் (பழைய சூப்பர்வைசர் அண்ணனுக்கு நன்றி). போர்டும் வைத்தாயிற்று, பதில் எழுதுகிற பொறுப்பு முதலாளியுடையது, பெயரோடு.

ஒரு சின்னப் பிரச்சனை. கேன்டீன் சுவரில் மஞ்சள் சீட்டு ஒட்டினோம், இங்கே அடிக்கிற காற்றுக்கு ஒன்றுகூட நிற்கவில்லை, பாதி பிளாக் பிரஸ் பக்கம் பறந்துபோய் ஒடியா பையன்கள் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். என்ன செய்யலாம்?

ஆரம்பாக்கம் லோக்கல்:

சாக்கை விரித்துக் கட்டித் தொங்கவிடுங்கள், துணி மாட்டுகிற கிளிப் போதும்.

சிறுவாணித்தண்ணி:

மரத்துண்டு போட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த நான்கைந்து மழை நாளில் மேற்கு ஓரத்துத் தூளில் ஒரு பிளாக், நடுக்களத்துத் தூளில் ஒரு பிளாக் என்று தனியாக அடித்து, இரண்டு பக்கெட்டில் ஊறவைத்து அடியில் தங்குவதை எடை போடுங்கள். சேச்சியையே போடச் சொல்லுங்கள்.

வாளையார்க்காரன்:

எடையை அந்தச் சாக்கிலேயே எழுதி மாட்டுங்கள். அப்புறம் படம் போடுங்கள், எங்கள் மேனேஜரிடம் காட்டணும்.