இடுப்பு அறுவைக்குப் பிந்தைய வலிக்கு நரம்பை மரக்கச் செய்யும் ஊசி: அம்மாவுக்கு ஏற்றதா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்)

வணக்கம். 78 வயதான என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது. முதுகுத் தண்டில் ஊசி போட்டு அறுவை செய்வதாகவும், அத்துடன் இடுப்பு நரம்புகளை மரக்கச் செய்ய இன்னோர் ஊசி போடுவதாகவும் மருத்துவர் கூறுகிறார். முன்பொருமுறை மார்ஃபின் கொடுத்தபோது அம்மா எங்களையே அடையாளம் தெரியாமல் பிதற்றியதால், வலிமருந்து என்றாலே அஞ்சுகிறோம். இரண்டாவது ஊசி எதற்கு? அதனால் கால் செயலிழந்துவிடுமா? இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் அம்மா உட்கொள்கிறார்.

மறுமொழி 1 (மயக்க மருத்துவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

முதுகில் போடும் ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் விலகிவிடும். வலி கடுமையாக இருப்பதோ அதற்குப் பிறகுதான். நரம்பைச் சுற்றிச் செலுத்தும் பியூபிவக்கெய்ன் அல்லது ரோபிவக்கெய்ன் என்ற மரப்பு மருந்து பெரும்பாலும் அரை நாளுக்குக் குறையாமல் தாங்குவதால், மார்ஃபினின் தேவை குறைகிறது. இடுப்பெலும்பு முறிவுக்கு இவ்வகை ஊசி போடுவது வலியோடு மனக்குழப்பத்தையும் குறைக்கிறது என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை, எனக்கு இதுவே முதன்மையான காரணம். தணிக்கப்படாத வலியும் முதியவர்களின் நினைவைக் குழப்பும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

எந்த ஊசி என்று அவசியம் கேளுங்கள். ஃபேசியா இலியாக்கா முறையில், தொடை தொடங்கும் இடத்திலுள்ள சவ்வின் அடியில் நீர்த்த மருந்தை 30 முதல் 40 மில்லி லிட்டர் வரை செலுத்துவார்கள். தொடையின் முன்புறம் நன்றாக மரத்தாலும், முழங்காலை நீட்டும் தசை தற்காலிகமாகத் தளரும். டொராண்டோ மருத்துவர்கள் 2018-இல் விவரித்த பெங் முறை, மூட்டின் முன்புற உறைக்குச் செல்லும் கிளை நரம்புகளை மட்டுமே குறிவைப்பதால் காலின் வலு பெரும்பாலும் குறைவதில்லை. ஆனால் தோலின் வெட்டுக்காயம் வலிக்கும். மூட்டின் பின்புறத்துக்கு வேறு நரம்புகள் செல்வதால், எந்த ஊசி போட்டாலும் பனாடோ (பாரசிட்டமால்) போன்ற வலி மாத்திரைகள் தேவைப்படும்.

ஊசி போடும்போது வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், உதட்டில் மரப்பு தோன்றினால் உடனே சொல்லும்படி அம்மாவிடம் கூறுங்கள். மருந்து இரத்தத்தில் கலந்துவிட்டதன் அறிகுறிகள் அவை.

மறுமொழி 2 (இயன்முறை மருத்துவர், டர்பன்)

முதன்முறை எழுந்து நிற்பதற்கு முன், படுக்கையிலேயே முழங்காலை நேராக நீட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். நீட்ட முடியவில்லை என்றால், வலியே இல்லாவிட்டாலும் நடக்க விடாதீர்கள்.

மறுமொழி 3 (ஃபீனிக்ஸ்)

என் தந்தைக்கு மரப்பு நள்ளிரவில் விலகியது. வலியில்லை என்று சொல்லி மாலை மாத்திரையை ஏற்கெனவே தவிர்த்திருந்ததால் விடியும்வரை துடித்துப்போனார். மரப்பு இருக்கும்போதே மாத்திரையைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 4 (மயக்க மருத்துவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வார்ஃபரினைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. முதுகுத் தண்டு ஊசிக்கும், ஆழத்தில் போடும் நரம்பு ஊசிகளுக்கும் இரத்தம் உறையும் திறன் சீராகியிருக்க வேண்டும். ஃபேசியா இலியாக்கா ஊசி மேலோட்டமான இடத்தில் போடப்படுவதால், இரத்தம் கசிந்தாலும் அழுத்திப் பிடிக்கலாம். ஐஎன்ஆர் அளவு (இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) எவ்வளவு என்றும், அதைக் குறைக்க என்ன கொடுக்கிறார்கள் என்றும் இன்றே கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.