ஜியோகேஷிங்கிற்குத் தமிழ்ச்சொல்: புதையலும் வேண்டாம், பதுக்கலும் வேண்டாம்

அன்பின் குழுவினருக்கு,

கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் தொடங்கிக் கோட்டைப் பகுதியில் முடிந்த எங்கள் ஜியோகேஷிங் ஒன்றுகூடலுக்குப் பின்னர், அதற்கெனத் தமிழில் எழுதப்பட்ட அறிவித்தலையும் வினாத்தாளையும் வழிகாட்டிக் குறிப்பையும் ஒருசேர வைத்துப் படித்தேன். அறிவித்தல் "புதையல் வேட்டை" என்கிறது. வினாத்தாள் "புவிப்பதுக்கல்" என்கிறது. குறிப்பிலோ "ஒளிப்புப்பெட்டி" என்றிருக்கிறது. மூவர் எழுதினால் மூன்று சொற்கள் வருவது இயல்பே. ஆயினும் அன்று எழுந்த குழப்பங்களிற் கணிசமானவை இச்சொற்களாலேயே எழுந்தன என்று கருதுகிறேன். ஆகவே அடுத்த ஒன்றுகூடலுக்கு முன்னர் இவ்விளையாட்டுக்குரிய சொல்லை இங்கு விவாதித்து முடிவுசெய்ய வேண்டுகிறேன்.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் மூடியுள்ள சிறு கொள்கலம் ஒன்றை வெளியிடமொன்றில் கண்ணிற் படாதவாறு வைத்து, அதன் ஆள்கூறுகளை, அதாவது அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும், இணையத்தில் வெளியிடுகிறார். மற்றவர்கள் கைப்பேசியின் ஜிபிஎஸ் துணையுடன் அதைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் தாளிற் பெயரையும் திகதியையும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே இருந்தவாறே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாக்கத்தில் அதற்குப் பெரும் பங்குண்டு.

ஆங்கிலத்திலும் இப்பெயர் முதற்பெயரன்று. ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்து வந்த பிழை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கப்பட்டது. அதுவரை 100 மீற்றர் வரை தவறக்கூடியனவாக இருந்த பொதுமக்களின் கருவிகள் ஒரே நாளில் பத்து இருபது மீற்றருக்குள் இடத்தைச் சுட்டத் தொடங்கின. அம்மாதம் 3ஆம் திகதி டேவ் அல்மர் என்பவர் ஒறிகன் மாநிலத்தில் ஒரு வாளியைப் பாதி புதைத்துவைத்து, அதன் ஆள்கூறுகளை இணையத்தில் அறிவித்தார். அவ்வாறு வைப்பதற்கு அன்று வழங்கிய சொல் "ஸ்டாஷ்". அதில் போதைப்பொருளை மறைத்துவைக்கும் வாடை வீசியதால், அந்த மாத இறுதியிலேயே மாட் ஸ்டம் என்பவர், நம்முடையதைப் போன்றதொரு மின்னஞ்சற் குழுவில், "ஜியோகேஷிங்" என்ற சொல்லை முன்வைத்தார். "கேஷ்" பிரெஞ்சு வழி வந்தது. வட அமெரிக்கக் காடுகளிற் தோலுக்காக வேட்டையாடித் திரிந்தவர்கள் பின்னர் எடுப்பதற்காக உணவையும் பண்டங்களையும் மறைத்துவைத்த இடத்தைக் குறித்தது. சொல்லின் வாடையைப் பார்ப்பது வீண் நுணுக்கம் என்று யாரேனும் சொல்வாராயின், இவ்விளையாட்டுக்கு இப்பெயர் வாய்த்ததே அந்த நுணுக்கத்தால்தான் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

இனி நமது சொற்கள். "புதையல்" எல்லோருக்கும் உடனே விளங்கும், சிறுவர்களைக் கவரும், அறிவித்தலில் பார்க்கவும் நன்றாயிருக்கும். ஆனால் இலங்கையில் நாளிதழ் படிக்கும் எவருக்கும் அச்சொல்லோடு சேர்ந்து வருவது புதையல் தோண்டியவர்கள் கைதான செய்தி. தொல்லியற் பெறுமதியுள்ள இடங்களை அனுமதியின்றி அகழ்வது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். மண்வெட்டி, அலவாங்கு, பூசைப் பொருட்கள் சகிதம் பிடிபட்டவர்களைப் பற்றி நாம் படிக்காத ஆண்டில்லை. எங்கள் பங்கேற்பாளர் சிலர் பூங்காவின் மரத்தடியிற் மண்ணைக் கிளறத் தொடங்கியதற்கு அவர்களைக் குறைசொல்ல முடியாது. "புதையல்" என்று எழுதி அழைத்தால் தோண்டத்தான் தோன்றும். விளையாட்டின் விதியோ, நில உரிமையாளரின் வெளிப்படையான அனுமதியின்றி எதையும் புதைப்பதையும் அதற்காகத் தோண்டுவதையும் தடுக்கிறது. அல்மரின் வாளி பாதி புதைந்திருந்தது என்பது வரலாறு. இன்றைய வழக்கத்துக்கு அது சான்றாகாது.

"பதுக்கல்" முன்மொழியப்பட்டதற்குக் காரணம், கணினிப் பாடத்தில் "பதுக்கு நினைவகம்" என்று ஒரு சொல் இருப்பதும், ஆங்கிலத்தில் இரண்டும் "கேஷ்" என்ற ஒரே சொல்லாயிருப்பதுமே. கணினிக்குள் யாரும் எட்டிப்பார்க்காத இடத்தில் அது இருந்துவிட்டுப் போகட்டும். 2022இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் விடிய விடிய வரிசையில் நின்ற நகரத்தில், "பதுக்கல் விழாவுக்கு வாருங்கள்" என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. "ஒளிப்பு" என்பதில் தீங்கில்லை. "ஒளித்துப் பிடித்து" விளையாடாத பிள்ளை நம்மிடையே இல்லை. எனினும் அதைப் பெயர்ச்சொல்லோடு சேர்த்தவுடன் மறைவு போய் வெளிச்சம் வந்துவிடுகிறது: "புவியொளி" என்று எழுதினால் வானியல் என்றே படிப்பார்கள். ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "கேஷ் தேடும் நிகழ்வு" என்று வாய்மொழியாகச் சொன்னபோது, பரிசுத்தொகை எவ்வளவு என்று கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்கள் பலர்.

இவற்றையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொழும்பில் உரிமையாளர் இல்லாத எந்தப் பெட்டியும் "மர்மப் பொதி"தான். பொலிஸார் வருவர், வீதி மூடப்படும். அச்சத்துக்குக் காரணம் உண்டு என்பதால் அதை எள்ளி நகையாடவும் முடியாது. இந்நிலையில் மறைவு, கரவு, இரகசியம் ஆகியவற்றை வேராகக் கொண்ட எந்தச் சொல்லும், பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டிலோ அனுமதி கோரும் கடிதத்திலோ இடம்பெற்றால், நமக்கெதிராகவே சாட்சி சொல்லும். வைத்தவர் இன்னார், வைத்த இடம் இது, யாவரும் பார்க்கலாம் என்று ஆள்கூறுகளோடு வெளியிடப்பட்ட ஒன்றை மறைபொருள் என்பது பொருளளவிலும் பிழை. ஆகவே சொல்லை வைப்பவரின் பக்கமிருந்து ஆக்காமல், தேடுபவரின் பக்கமிருந்து ஆக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இன்னொன்றும் உண்டு. எல்லாவற்றிலும் பெட்டி இருப்பதில்லை. கோட்டையில் பாதுகாப்புக் கருதி நாங்கள் எதையும் வைக்கவில்லை. வெளிச்சவீட்டு மணிக்கூட்டுக் கோபுரம் எழுந்த 1857ஆம் ஆண்டையும், அதில் விளக்கேற்றப்பட்ட 1867ஆம் ஆண்டையும் கண்டறிந்து, அவற்றின் இலக்கங்களைக் கூட்டிக் கழித்து அடுத்த ஆள்கூறைப் பெறுமாறு வினா அமைத்தோம். (அங்கு உயர்ந்த கட்டடங்களிற் பட்டுச் சமிக்ஞை தெறிப்பதால் கைப்பேசி காட்டும் புள்ளி அங்குமிங்கும் அலைந்தது; கட்டடத்தை அடையாளமாக வைத்தது நல்லதாயிற்று.) புவிச்சரிதவியற் சிறப்புள்ள இடத்துக்குச் சென்று வினாவுக்கு விடை எழுதும் வகையிலும் கொள்கலம் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், குறைந்தது இரு வாரங்களுக்கு முன்னரே பதியவேண்டிய ஒன்றுகூடலும் இவ்விளையாட்டின் தளத்தில் ஒரு "கேஷ்" வகையாகவே வகுக்கப்பட்டுள்ளது. எனவே செயலுக்கு ஒரு சொல்லும் கொள்கலத்துக்கு வேறொரு சொல்லும் தேவை. செயலுக்குப் "புவித்தேடல்" என்றும், கொள்கலத்துக்குத் "தேடற்பேழை" என்றும் முன்மொழிகிறேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து

* * *

அன்பின் பிள்ளைக்கு,

நீண்ட மடல், நன்று. முதலிற் "புவித்தேடல்". புவியைத் தேடுவதா, புவியில் தேடுவதா என்று கேட்பார்கள். நானே கேட்டுப் பார்த்தேன். இரண்டாம் வேற்றுமைத் தொகையிற் பெரும்பாலும் வல்லினம் மிகுவதில்லை. ஏழாம் வேற்றுமையில் "குடிப்பிறந்தார்" என்பதுபோல் மிகும். ஆகவே தகரம் மிக்கு நிற்பதே "புவியின்கண் தேடல்" என்ற பொருளுக்குத் துணை நிற்கிறது. வானை ஊர்வது வானூர்தி என்று யாரும் மயங்குவதில்லை. "ஆள்கூற்றுத் தேடல்" இதைவிடத் துல்லியமானது என்பது என் கருத்து. ஆனால் தமிழ்நாட்டு அன்பர்கள் ஆள்கூறு என்ற நம் பாடநூற் சொல்லை அறியார். ஆளைத் தேடுவதாக நினைத்துக்கொள்ளக்கூடும். எனவே புவித்தேடலை ஏற்கிறேன்.

"பேழை"யை ஏற்கமாட்டேன். நம் மரண அறிவித்தல்களில் அச்சொல் எங்கே வருகிறது என்று ஒருமுறை பாருங்கள். மட்டக்களப்பு நண்பரொருவர் எனக்குத் தனிமடலில் "கரப்பு" என்ற பழஞ்சொல்லைப் பரிந்துரைத்தார். மறைத்தல் என்பது அதன் பொருள், ஆனால் இரப்பவருக்கு இல்லையென்று ஒளிப்பதையே இலக்கியம் பெரிதும் அச்சொல்லாற் பழிக்கிறது. போதாக்குறைக்கு அவர் ஊரிலேயே கரப்பு என்பது மீன்பிடிக்கும் கூடு. அவரும் சிரித்துக்கொண்டே கைவிட்டுவிட்டார்.

என் பரிந்துரை "சிமிழ்". மூடியுள்ளது, சிறியது, குங்குமச் சிமிழாக இன்றும் வீட்டில் உள்ளது, அச்சமூட்டாதது. அதைத் "தேடுசிமிழ்" என்று வினைத்தொகையாக்குங்கள். குடிநீர் என்பதில் குடித்த, குடிக்கின்ற, குடிக்கும் என மூன்று காலமும் அடங்குவதுபோல, முன்னர் ஒருவர் தேடிய சிமிழும், இன்று நீங்கள் தேடுகின்ற சிமிழும், நாளை வேறொருவர் தேடும் சிமிழும் இதில் ஒன்றே. கண்டுபிடித்தவர் எடுத்துச் செல்லாமல் இருந்தவாறே வைத்துவிட வேண்டும் என்று நீங்கள் அழுத்திச் சொன்னீர்களே, அந்த விதியை வேறு விளக்கமின்றி இச்சொல்லே சுமக்கிறது. புதையலுக்கு அந்த வாய்ப்பில்லை. அது ஒருமுறை அகப்பட்டால் முடிந்தது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேள்விப்பட்டேன். வினாத்தாளில் "54.500 நிமிடம்" என்றிருந்ததை ஒரு குழுவினர் 54 நிமிடம் 50 செக்கன் என்று கைப்பேசியில் இட்டு, வேறொரு வீதியில் நின்றார்களாம். அரை நிமிடமென்பது 30 செக்கன். அவர்கள் இட்டது 20 செக்கன் கூடுதல். அகலக்கோட்டில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 31 மீற்றர் என்றால், 600 மீற்றருக்கு மேல் வடக்கே போயிருப்பார்கள். நிமிடமும் செக்கனும் மணிக்கூட்டுக்கு உரியவை. காலத்தை அளப்பதுபோலவே கோணத்தையும் வாசித்துவிட்டார்கள். நம் சோதிட நூல்களிலும் பஞ்சாங்கத்திலும் பாகை, கலை, விகலை என்று கோணத்துக்குத் தனிச்சொற்கள் உள்ளன. "6 பாகை 54.500 கலை" என்று எழுதி, கலைக்குப்பின் வரும் புள்ளி தசமப் புள்ளி என்று அடிக்குறிப்பும் இடுங்கள், கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு நிலத்தில் இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவு என்றும் சேர்த்தால், மூன்று தசமதானம் ஏன் வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து

* * *

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கும் குழுவினருக்கும்,

தேடுசிமிழை மனமார ஏற்கிறேன். பேழையைத் திரும்பப் பெறுகிறேன். ஒரே தயக்கம் அளவு பற்றியது. வெளிநாடுகளில் துப்பாக்கி ரவை அடைத்த உலோகப் பெட்டி அளவுக்குப் பெரிய கொள்கலங்களும் வைக்கப்படுகின்றன. அவற்றைச் சிமிழ் என்றால் நகைப்புக்கிடமாகும். கொழும்பில் அத்தகைய பெட்டியை வைக்க எவரும் துணியார் என்பதால், அதற்குத் "தேடுபெட்டி" என்ற சொல்லை ஒதுக்கி வைத்துவிட்டுச் சிமிழையே பொதுப்பெயராகக் கொள்ளலாம். கொள்கலமில்லாத வகைகளுக்குத் "தேடலிடம்" போதும். நிகழ்வுக்குப் "புவித்தேடல் ஒன்றுகூடல்" என்பதை மாற்ற எக்காரணமும் தெரியவில்லை. ஒன்றுகூடல் நம்மிடையே நன்கு வேரூன்றிய சொல்.

விளையாட்டை அறியாமல் அருகே நிற்பவர்களுக்கு ஆங்கிலத்தில் சற்று ஏளனம் கலந்த ஒரு பெயர் வழங்குகிறது. "அயலார்" என்று முதலில் எழுதியிருந்தேன். பூங்காக் காவலரையும், தன் கடை வாசலிற் சிமிழ் வைக்கச் சம்மதித்த கடைக்காரரையும் அப்படி அழைப்பது முறையன்று. அவர்கள் இசைவில்லாமல் இந்நகரத்தில் எதையும் வைக்க இயலாது. "வழிப்போக்கர்" என்றே வைத்துக்கொள்ள நினைக்கிறேன்.

பாகை, கலை பற்றிய திருத்தத்தை வினாத்தாளிற் சேர்த்தாயிற்று. சிமிழின் மூடியில் ஒட்டும் சீட்டுக்குப் பின்வரும் வாசகத்தை எழுதியுள்ளேன், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இதன் கீழேயே வரும்: "இது புவித்தேடல் விளையாட்டுக்குரிய தேடுசிமிழ். இடத்துக்கு உரியவரின் சம்மதத்துடன் வைக்கப்பட்டது. உள்ளே எழுதுதாள் மட்டுமே உள்ளது. இருந்த இடத்திலேயே வைத்துவிடவும்." இதன்கீழ் ஒருங்கிணைப்பாளரின் தொலைபேசி இலக்கம் இருக்கும். "வைக்கப்பட்டது" என்பதற்குப் பதிலாக "வைத்துள்ளோம்" என்றிருந்தால் பொறுப்பேற்பது தெளிவாகும் என்று வீட்டில் ஒரு கருத்து உண்டு. எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் மாற்றுக் கருத்துள்ளோர் எழுதவும்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து