காது கேட்காத குழந்தையைத் தத்தெடுப்பதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

மலைக்கோட்டை:
எங்களுக்கு 9 வயதில் ஒரு மகள் இருக்கிறாள். காரா (தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) இணையதளத்தில் பதிவு செய்து, வீட்டாய்வும் முடிந்துவிட்டது. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் பட்டியலில் இரண்டரை வயதுப் பையன் ஒருவனைப் பார்த்தோம். இரு காதுகளிலும் கடுமையான செவித்திறன் குறைபாடு என்கிறது மருத்துவ அறிக்கை. மற்றபடி எடை, உயரம், தடுப்பூசி விவரம் மட்டுமே. கணவர் சம்மதித்துவிட்டார். மாமியார் மூன்று நாள்களாக என்னோடு பேசவில்லை. "நாளைக்கு உன் பெண் தலையில்தானே விழும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருக்கிறது. இரக்கத்தில் அழைத்து வந்துவிட்டுப் பிறகு அந்தப் பிள்ளையைத் தவிக்கவிடக் கூடாது. அவன் இருக்கும் தத்தெடுப்பு மையத்துக்கு நேரில் போகும்போது என்னென்ன கேட்பது?

வைகைக்கரை:
என் மகனுக்கும் காது கேட்காது. 2018-இல் மூன்று வயதில் எங்களிடம் வந்தான். மருத்துவரிடம் கேட்பதைவிட, நீங்கள் பார்த்த பையனைக் குளிப்பாட்டும் ஆயாவிடம் அதிகம் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. முதல் இரவு விளக்கை அணைத்ததும் வீறிட்டு அலறினான். இரண்டு வாரம் இதே கதை. என்னைப் பிடிக்கவில்லை போலும் என்று நானும் அழுதேன். பிறகு மையத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது ஆயா சொன்னார்: "இருட்டிவிட்டால் அவனுக்கு ஒன்றுமே இல்லாமல் போய்விடும் அம்மா. நாங்கள் ஜீரோ வாட் பல்பு போட்டுத்தான் தூங்கவைப்போம்." அன்றிரவே தூங்கினான்.

பசித்தால் எப்படிச் சொல்வான், தொட்டு எழுப்பினால் மிரள்வானா, எதற்கு என்ன சைகை வைத்திருக்கிறான் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் வேண்டுமென்றால் என் மகன் கன்னத்தைத் தட்டுவான். அது தெரியாமல் பல்வலி என்று மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

காக்ளியர் அறுவை சிகிச்சை (உள்காதில் கேட்கும் கருவி பொருத்துவது) முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு உண்டு. வருமான வரம்பு இருக்கிறது. அதன்பிறகு பேச்சுப் பயிற்சி வருடக்கணக்கில் நீளும். என் மகன் 'தா' என்று சொல்ல எட்டு மாதம் ஆனது. உங்கள் இருவரில் ஒருவருடைய பகல் நேரம் முழுவதும் அந்தப் பிள்ளைக்கே போகும். அது யாருடையது என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் மகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவள் அக்கா, அவ்வளவுதான்.

தென்னந்தோப்பு:
கேட்பியல் பிரிவில் வேலை செய்கிறேன். பெரா பரிசோதனை (ஒலி கேட்கும்போது நரம்பும் மூளையும் காட்டும் எதிர்வினையை அளப்பது) செய்தார்களா, எப்போது என்று கேளுங்கள். கேட்பு நரம்பு சரியாக இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்த பிறகே காக்ளியர் பொருத்த முடியுமா என்று சொல்ல இயலும். அறிக்கையை உங்களுக்குத் தெரிந்த மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்க விதிகளில் இடம் உண்டு. தயங்க வேண்டாம்.

நெய்தல்:
தத்தெடுப்பு ஆணைக்கு நீதிமன்றம் போக வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். குழந்தை உங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டாய்வு செய்தவர்கள் அவன் எப்படி இருக்கிறான் என்று பார்த்து அறிக்கை எழுதுவார்கள். சிரமம் எதுவானாலும் அவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை:
சனிக்கிழமை போகிறோம். ஆயாவிடம் தனியாகப் பேச விடுவார்களா?

வைகைக்கரை:
பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். காலையில் போகாதீர்கள், குளியலும் சாப்பாடுமாக ஆயாக்களுக்குத் தலைநிமிர நேரம் இருக்காது. பிள்ளைகள் மதியம் தூங்கியபின் நிதானமாகப் பேசுவார்கள்.