பொறுப்புணர்வு மதிப்பெண் 21: குணத்தை மாற்ற முடியுமா?

கேள்வி: உளவியல் இரண்டாம் ஆண்டு மாணவி நான். ஆளுமையை ஐந்து பெரும் குணங்களாகப் பிரித்து அளக்கும், 50 வாக்கியங்கள் கொண்ட ஐபிஐபி (IPIP) கேள்வித்தாளில் பொறுப்புணர்வுக்கு 50க்கு 21தான் வந்தது. பிறவிக் குணம் மாறுமா?

பதில் 1: முதல்ல கூட்டலைப் பாருங்கம்மா. குணத்துக்கு 10 வாக்கியம், ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று 1 (பொருந்தாது) முதல் 5 (நன்கு பொருந்தும்) வரை போடணும். பொறுப்புணர்வில் 4 வாக்கியங்கள் எதிர்த்திசை, அதாவது பொருந்தினால் பொறுப்புணர்வு குறைவு. 'பொருட்களை அங்கங்கே போட்டுவிடுவேன்' அதில் ஒன்று. அவற்றுக்கு 6லிருந்து விடையைக் கழிக்கணும். நாலுக்கும் 1 போட்டவர் இதை மறந்தால் 16 மதிப்பெண் போச்சு. பெரும்பாலும் தவறு இங்கேதான்.

பதில் 2: கூட்டல் சரின்னா, மாற்றலாம். உளவியலாளர் நேதன் ஹட்சன் குழுவினர் 2019இல் வெளியிட்ட 15 வார ஆய்வில், வாராவாரம் சின்னச் சின்னச் சவால்களை முடித்தவர்களிடம் மாற்றம் தெரிந்தது. சவாலை ஏற்றுவிட்டு முடிக்காமல் விட்டவர்கள் சில சமயம் விரும்பிய மாற்றத்துக்கு நேர்மாறாகப் போனார்கள்! அதனால் 'ஒழுங்கா இருப்பேன்' என்று எழுதாதீர்கள். 'ராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவியதும் நாளைய நோட்டைப் பையில் வைப்பேன்' என்று எழுதுங்கள். வாரத்துக்கு இரண்டு போதும்.

பதில் 3: மறு அளவீட்டைத் தேர்வு வாரத்தில் வைக்காதீங்க, அன்றைய பதற்றமும் விடையில் ஏறிவிடும். ஓரிரு மதிப்பெண் கூடினால் அதை மாற்றமென்று எடுக்க வேண்டாம். கூட இருப்பவர் ஒருவரையும் உங்களைப் பற்றி நிரப்பச் சொல்லுங்க.