மலாக்கா கிறைஸ்ட் சர்ச், பழைய பயணப் போஸ்டர் பாணி: சிவப்பு மங்குது, எழுத்து உடையுது

சிப்புட்_கோடு:
வணக்கம். நம்ம சுங்கை சிப்புட் தமிழ்ப்பள்ளி நூலகச் சுவருக்கு, 1930கள் கப்பல் பயணப் போஸ்டர் மாதிரி ஏ3-இல் வரைஞ்சிருக்கேன். கடையில் எடுத்த மாதிரிப் பிரதியில் சர்ச் சிவப்பு காய்ந்த மிளகாய் மாதிரி கறுத்துப் போச்சு. வானத்தில் பட்டை பட்டையா கோடு. "மலாக்கா செல்வோம்" என்பதில் ஒற்றைக்கொம்பு 'ச'வுக்குப் பின்னால் நிக்குது. முன்னால ரெண்டு ரப்பர் மரம் வைக்கலாமா?

மைக்கூடு:
ஆர்ஜிபியில் (திரைக்கான நிறமுறை) வரைஞ்சு அப்படியே கொடுத்திருப்பீங்க. கோப்பை சிஎம்ஒய்கேவுக்கு (அச்சுக்கான நாலு மை நிறமுறை) மாத்துங்க. சிவப்புக்கு சயான் 15, மெஜென்டா 90, மஞ்சள் 85, கறுப்பு 5 சதவீதத்தில் தொடங்கிப் பாருங்க. சயான் 30 தாண்டினாலே பழுப்பு தட்டும். காகிதமும் காரணம்: பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சி நிறத்தை அமுக்கிடும். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள மேட் (பளபளப்பில்லாத) ஆர்ட் பேப்பர் கேளுங்க. பளபளப்புத் தாள் வேண்டவே வேண்டாம், பழைய போஸ்டர் களையே போயிடும்.

வானத்துக்கு கிரேடியன்ட் (நிறம் படிப்படியா மாறும் பூச்சு) எதுக்கு? இளமஞ்சள், பீச், வெளிர்நீலம்னு மூணு தட்டை நிறம் போதும். மொத்தப் படமே ஆறு நிறத்துக்குள் அடங்கணும். சுவருக்கு ஒரு சிவப்பு, நிழலுக்கு ஒரு கருஞ்சிவப்பு. நிழல் எல்லாம் ஒரே பக்கம் விழட்டும்.

ஓரத்து கிரீம் பட்டை 12 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வெட்டும்போது 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒல்லிப் பட்டையில் கோணல் பளிச்சுனு தெரியும். வெட்டுக்கு வெளியே நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் விடுங்க. கோப்பு அளவு 303 × 426 மில்லிமீட்டர்.

கொம்புக்கால்:
கொம்பு இடம் மாறுறது எழுத்துருக் கோளாறு இல்ல, மென்பொருள் அமைப்பு. பழைய போட்டோஷாப் பதிப்புன்னா எழுத்து விருப்பத்தேர்வில் 'வேர்ல்ட் ரெடி' அமைப்பைப் போட்டால் கொம்பு முன்னால வந்திடும். பாமினி மாதிரி பழைய எழுத்துரு வேண்டாம். கடைக் கணினியில் அது இல்லேன்னா ஆங்கில எழுத்தாக் கொட்டும். அனுப்புமுன் எழுத்தை வடிவமா மாத்திடுங்க (இங்க்ஸ்கேப் வரைகலை மென்பொருளில் ஷிஃப்ட் + கண்ட்ரோல் + சி). மாத்தினப்புறம் பிழை திருத்த முடியாது, அதனால ஒரு நகலை எழுத்தாகவே சேமிச்சு வைங்க.

செங்காவி:
ரப்பர் மரத்தை, சர்ச் நிக்கிற டச்சுச் சதுக்கத்தில் நடாதீங்கய்யா! தோட்ட வாசனைதான் வேணும்னா ஓரப் பட்டையில் ரப்பர் இலையைக் கோட்டோவியமா ஓடவிடுங்க. மூணு மூணு இலையா வரணும்.

காலம் பிசகாமலும் பாருங்க. இந்த சர்ச் 1741-இல் டச்சுக்காரர் கட்டத் தொடங்கி 1753-இல் முடிச்சது. சிவப்பு அடிச்சதோ 1911-இல், அதுக்கு முன்ன வெள்ளை. 1930கள்னா சிவப்பு சரி. கீழே 1900-னு போட்டா தப்பு. கைப்பேசிப் படத்தை வச்சு வரைஞ்சிருந்தா பொம்மை அலங்கார பேச்சாவை (மூணு சக்கர மிதிவண்டி) நீக்கிட்டு ரிக்‌ஷா வைங்க. கிட்ட நின்னு எடுத்த படத்தில் முகப்பு மேலே குறுகும். படத்தைப் பார்த்துக் கோடு வரையும் முன்னாடியே செங்குத்தை நேராக்கிடுங்க, இல்லேன்னா சர்ச் பின்னால சாயும்.

சிப்புட்_கோடு:
நன்றிங்க. பேச்சாவில் கிட்டி பொம்மையே இருக்கு, தூக்கிடுறேன். முகப்பில் இருக்கிற எழுத்தையும் வரையணுமா?

செங்காவி:
வேண்டாம். ஏ3-இல் அது எறும்பு அளவுதான் வரும். வெள்ளைச் சிலுவையை மட்டும் தெளிவா விடுங்க, தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்.