ராத்திரி வேலைக்கு உட்கார்ந்தால் மட்டும் லேப்டாப்பில் வைஃபை படுத்துவிடுகிறது, உதவுங்கள்

ஆல்பம்காரன், கரூர்:
வணக்கம். கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். லேப்டாப் செகண்ட் ஹேண்டில் 18,500 ரூபாய்க்கு வாங்கியது, விண்டோஸ் 10. வீட்டில் 50 எம்பிபிஎஸ் ஃபைபர். பகலில் யூடியூப், மெயில் எல்லாம் நன்றாக ஓடுகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பின்அறையில் உட்கார்ந்து பார்ட்டிக்கு போட்டோக்களை ஆன்லைன் டிரைவில் ஏற்ற ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் நின்றுவிடும். வைஃபை கோடு முழுசாகக் காட்டுகிறது, பேஜ் மட்டும் திறக்காது. அதே அறையில் என் போனில் எந்தப் பிரச்சினையும் இல்லை. லேப்டாப்பை ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போனால் சரியாகிவிடுகிறது. வைஃபை சிக்னலைத் தூரமாக எட்டவைக்கும் எக்ஸ்டெண்டர் வாங்கலாமா? நாளை மறுநாள் ஒரு முகூர்த்தம் டெலிவரி இருக்கிறது.

இரவுப்பட்சி:
முதலில் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இதை ஆஃப் செய்யலாம் என்று இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

ஆல்பம்காரன், கரூர்:
எடுத்துவிட்டேன் சார். டிரைவரையும் அழித்துத் திரும்பப் போட்டேன். நேற்று ராத்திரியும் அதே கதை.

மாடிவீடு:
ராத்திரி அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டிலும் வைஃபை ஓடும், நெரிசல்தான். ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றாக வையுங்கள். இவை மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. மைக்ரோவேவ் இருந்தால் அதையும் கவனியுங்கள், அதுவும் இதே அலைவரிசைதான்.

ஆல்பம்காரன், கரூர்:
மைக்ரோவேவ் இல்லைங்க, கிரைண்டர்தான் இருக்கிறது. சேனல் 11 வைத்துப் பார்த்தேன், மாற்றம் இல்லை. இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த நேரத்தில் வயர்லெஸ் மவுஸும் விட்டுவிட்டுத் துள்ளுகிறது. பேட்டரி மாற்றியும் பார்த்துவிட்டேன்.

பழைய ஸ்குரூடிரைவர்:
தம்பி, எக்ஸ்டெண்டரை இப்போதைக்கு வாங்காதே. நீ மறந்துவிட்டேன் என்று சொன்ன மவுஸ்தான் இதில் முக்கியமான விஷயம். மூன்று கேள்வி.

ஒன்று, உன் லேப்டாப்பில் ரூட்டரின் இன்னோர் அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பெயர் தெரிகிறதா? இரண்டு, ராத்திரி வேலை செய்யும்போது லேப்டாப்பில் என்னென்ன செருகியிருக்கிறாய்? மூன்று, ஹாலுக்குப் போகும்போது அதையெல்லாம் கூடவே எடுத்துக்கொண்டு போகிறாயா?

ஆல்பம்காரன், கரூர்:
5 கிகா தெரியவில்லை அண்ணா, போனில் மட்டும் தெரிகிறது. போட்டோ எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, 1 டிபி. இடது பக்கம் நீலக் கலர் யூஎஸ்பியில் செருகியிருப்பேன். ஒயர் ஒரு சாண்தான், அதனால் டிஸ்க் லேப்டாப்பை ஒட்டியே கிடக்கும். ஹாலுக்கு எடுத்துப் போவதில்லை. கீழே விழுந்தால் என் பிழைப்பு போச்சு.

பழைய ஸ்குரூடிரைவர்:
அப்போ ஹாலுக்குப் போனதால் சரியாகவில்லை. டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் போனதால் சரியாகியிருக்கிறது என்று நினைக்கிறேன். உறுதி செய்துகொள்ளலாம். பின்அறையிலேயே உட்கார், கமாண்ட் பிராம்ப்ட்டில் ரூட்டர் முகவரிக்கு நிற்காமல் பிங் ஓடவிடு, ரூட்டர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அது காட்டும். டிஸ்க்கில் இருந்து ஒரு பெரிய ஃபோல்டரைக் காப்பி போடு. நடுவில் நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றிப் பார்.

ஆல்பம்காரன், கரூர்:
அண்ணா! டிஸ்க் இல்லாமல் 3, 4 மில்லிசெகண்ட். காப்பி ஆரம்பித்ததும் 280, 610, அப்புறம் வரிசையாக ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட். கழற்றியதும் திரும்ப 3. நாலு தடவை செய்து பார்த்தேன், நாலு தடவையும் இதேதான். டிஸ்க் கெட்டுப்போய்விட்டதா?

பழைய ஸ்குரூடிரைவர்:
டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. யூஎஸ்பி 3.0 வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு அனுப்பும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சல் கசியும். இன்டெல் 2012லேயே இதைப் பற்றி ஓர் அறிக்கை போட்டிருக்கிறது. ஒயரிலும் சாக்கெட்டிலும் இரைச்சலைத் தடுக்கும் உலோகக் கவசம் சுமாராக இருந்தால் இரைச்சல் கூடும். ஆன்டெனா பக்கத்திலேயே டிஸ்க் கிடந்தால் கேட்கவே வேண்டாம். உன் வைஃபை கார்டு 2.4 மட்டும்தான் பிடிக்கும், மவுஸும் 2.4தான். இரண்டும் சேர்ந்து படுத்ததற்கு அதுதான் காரணம். போன் 5 கிகாவில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

கோடு முழுசாகக் காட்டியதை வைத்து ஏமாறாதே. ரூட்டர் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதைத்தான் அது காட்டும். பக்கத்தில் எவ்வளவு இரைச்சல் என்பது அதில் தெரியாது.

காசில்லாத வழி: டிஸ்க்கைக் கறுப்பு யூஎஸ்பியில் செருகு. பெரும்பாலும் அது 2.0 ஆக இருக்கும், அந்த வேகத்தில் இந்த இரைச்சல் வராது.

ஆல்பம்காரன், கரூர்:
2.0 ரொம்ப மெதுவாச்சே அண்ணா?

பழைய ஸ்குரூடிரைவர்:
உன் நெட் 50 எம்பிபிஎஸ். அது மெகாபிட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அப்லோடும் அவ்வளவே கிடைத்தாலும் வினாடிக்கு 6 எம்பிதான் ஏறும். 2.0 சாதாரணமாக 30 எம்பி கொடுக்கும். அப்லோடுக்கு அது தாராளம். எடிட்டிங் செய்யும்போது வேகம் வேண்டுமானால் நீலத்திலேயே போட்டுக்கொள், அப்போது நெட் தேவையில்லையே. இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும் என்றால் நல்ல கவசம் போட்ட ஒரு மீட்டர் ஒயர் வாங்கி, டிஸ்க்கை மேஜையின் மறுகோடியில் வை.

மாடிவீடு:
2.4, 5 இரண்டையும் பிடிக்கும் இரட்டை பேண்ட் வைஃபை டாங்கிள் ஒன்று வாங்கி யூஎஸ்பியில் செருகினால் 5 கிகாவுக்கே போய்விடலாமே?

பழைய ஸ்குரூடிரைவர்:
போகலாம், இந்த இரைச்சல் அங்கே தொடாது. ஆனால் 5 கிகா சுவர் தாண்டுவதில் கொஞ்சம் பலவீனம். பின்அறையில் அவர் போனில் நன்றாக வருகிறது என்பதால் இவருக்குப் பிரச்சினை இருக்காது. கறுப்பு போர்ட்டில் வேலை முடிந்துவிட்டால் அந்தக் காசும் மிச்சம்.

ஆல்பம்காரன், கரூர்:
கறுப்பில் போட்டு 14 ஜிபி ஏற்றிவிட்டேன். ராத்திரி ஒன்றேகாலுக்கு முடிந்தது, ஒரு தடவைகூட அறுபடவில்லை. மவுஸும் துள்ளவில்லை. எக்ஸ்டெண்டர் ஆர்டரை இப்போதுதான் கேன்சல் செய்தேன். நீங்கள் வாங்காதே என்று சொல்வதற்கு முன்பே போட்டுவிட்டிருந்தேன் அண்ணா.