20ஆம் இலக்க ஈ: ட்ரவுட் கொத்துகிறது, முள்ளில் நிற்பதில்லை. உதவி தேவை

உப்புவெளித் தூண்டில்:

அனைவருக்கும் வணக்கம். பாரை, கட்டா என்று கடல் மீனைத் துரத்திப் பழகிய கை என்னுடையது. நுவரெலியாப் பக்கத்து நீரோடைகளில் அனுமதி பெற்று ட்ரவுட்டுக்கு ஈத்தூண்டில் போடத் தொடங்கியது பிந்திய பழக்கம். 20ஆம் இலக்கத் தூண்டிலில் கறுப்பு நூலால் உடல் சுற்றி, முன்பக்கத்தில் சேவலின் கழுத்திறகைக் கட்டி, நீர்மேல் மிதக்கும் சிறு ஈக்களை நானே செய்துகொண்டு போகிறேன். மீன் வராமல் இல்லை. ஈ மிதந்து போகும் இடத்திலேயே நீர் குமிழ்ந்து வளையம் விரிகிறது. தடியைத் தூக்கினால் எதுவும் சிக்கியிருப்பதில்லை. அரிதாக ஒன்று சிக்கினாலும் முதல் உதறலிலேயே ஈயையும் பறித்துக்கொண்டு போய்விடுகிறது.

நான் பாவிப்பவை: 9 அடி நீளமான 5ஆம் எடைத் தடி, முனையில் 6எக்ஸ் நைலோன் டிப்பெட் (ஈயைக் கட்டும் மெல்லிய நுனி நூல்), மெல்லிய கம்பியிலான தூண்டில், நகரத்துத் தையற்கடையில் வாங்கிய சாதாரண பொலியெஸ்டர் தையல் நூல்.

ஹபரணை, தம்புள்ளை, கண்டி என்று ஏறித்தான் அங்கே போக வேண்டியிருப்பதால், ஓடைக்கரையில் நின்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க வசதியில்லை. நிறத்தை மாற்றுவதா, இன்னும் சிறிய 24ஆம் இலக்கத்துக்கு இறங்குவதா என்று தெரியவில்லை. திருகோணமலையில் வீட்டு மேசையில் இருந்தபடியே எவற்றைச் சரிபார்க்கலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சீனக்குடாப் பெரியவர்:

தம்பி, நிறத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு சிக்கல்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கொத்திய மீன் முள்ளில் ஏறாதது ஒன்று; ஏறிய மீன் அறுத்துக்கொண்டு போவது மற்றொன்று. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதைத் தீர்க்காது என்பதால், முதலில் மூன்று விடயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அறுந்த டிப்பெட்டின் முனை கைவசம் இருந்தால் அதைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். முனை சுருள் சுருளாக வளைந்திருந்தால் நூல் அறுபடவில்லை, முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கிறது. நறுக்கிவிட்டாற்போல நேராக இருந்தால் நூலே பழுதடைந்திருக்கலாம், அல்லது எங்காவது உராய்ந்திருக்கலாம். ஈயிலிருந்து தள்ளி நடுவில் அறுந்திருந்தால், வீசும்போது தானாக விழும் காற்று முடிச்சைச் சந்தேகியுங்கள். அது விழுந்த இடத்தில் நூலின் பலம் பாதியளவுக்குக் குறைந்துவிடும்.

அடுத்தது, கட்டி முடித்த ஈயொன்றைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உடலின் அடிப்பக்கத்துக்கும் முள்ளின் முனைக்கும் இடையில் எவ்வளவு வெற்றிடம் மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். கடைசியாக, மீன் மேலே வந்தபோது உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது அதன் மூக்கா, முதுகும் வாலுமா என்பதை நினைவுபடுத்திச் சொல்லுங்கள். இந்தக் கேள்வியின் விடையைப் பொறுத்து எல்லாமே மாறக்கூடும்.

நிலாவெளி மிதவை:

என் கருத்தில் 24ஆம் இலக்கத்துக்கு இறங்குவதுதான் சரி. குளிர்ந்த தெளிந்த நீரில் ட்ரவுட் மிகச் சிறியதைத்தான் நம்பி எடுக்கும்.

சீனக்குடாப் பெரியவர்:

இறங்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். 20ஆம் இலக்கத் தூண்டிலில் தண்டுக்கும் முனைக்கும் இடைப்பட்ட வாயே இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலந்தான். அதில் ஏறாத மீன், அதனிலும் குறுகிய வாயுள்ள தூண்டிலில் எப்படி ஏறும்? மீன் அவருடைய ஈயைத் தேடி வருகிறது என்பதையும் கவனியுங்கள். அளவை அது மறுக்கவில்லை.

கிண்ணியா வலைக்காரர்:

நான் வலை பொத்துகிறவன். ட்ரவுட்டை உயிரோடு கண்டதில்லை. ஆனால் நூலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம். தையல் நூல் பெரும்பாலும் டெக்ஸ் 27 அளவில்தான் வருகிறது. 1,000 மீற்றர் நூலின் எடையைக் கிராமில் சொல்வது டெக்ஸ். 9,000 மீற்றரின் எடை டெனியர். ஆகவே டெக்ஸ் 27 என்பது 243 டெனியர். இவ்வளவு சிறிய ஈ கட்டுபவர்கள் 70 டெனியர் நூலையோ அதனிலும் மெல்லியதையோதான் பாவிக்கிறார்கள் என்று வாசித்திருக்கிறேன். உங்கள் நூல் அதைப்போல மூன்றரை மடங்கு கனம். அத்தோடு அது முறுக்கிய நூல் என்பதால் தட்டையாகப் படியாமல் ஒவ்வொரு சுற்றும் உருண்டு மேடாக நிற்கும்.

வெளிநாட்டிலிருந்து நூல் வரும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. திருகோணமலையில் மீன்பிடி உபகரணம் விற்கும் எந்தக் கடையிலும் பல்லிழை நைலோன் வலை நூல் கிடைக்கும். 210இன் கீழ் 2, 210இன் கீழ் 3 என்று அதற்குக் கணக்குச் சொல்வார்கள். 210 டெனியர் இழைக்கற்றைகள் எத்தனை சேர்த்து முறுக்கப்பட்டிருக்கின்றன என்பதே அதன் பொருள். ஒரு முழ நீளம் வெட்டி, முறுக்கைப் பிரித்து, ஒரு கற்றையை மட்டும் எடுத்து, ஊசி முனையால் அதை மூன்றாக வகுத்தால் ஒவ்வொன்றும் 70 டெனியர் அளவில் வரும். முறுக்கில்லாத இழை என்பதால் தூண்டில் தண்டில் நாடாவாகப் படியும். பொபினில் (ஈ கட்டும்போது நூலைப் பிடிக்கும் கருவி) சுற்றும் நீளத்துக்கு இப்படிப் பிரிப்பது சிரமம். முழ நீளத் துண்டின் நுனியில் ஒரு துணிக் கிளிப்பைத் தொங்கவிட்டாலே அது பாரமாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கறுப்பு வேண்டுமானால் நிரந்தர மைப் பேனையால் பூசலாம்.

உப்புவெளித் தூண்டில்:

ஐயாவுக்கும் நானாவுக்கும் நன்றி. பெட்டியில் ஒட்டிக்கிடந்த பழைய டிப்பெட் துண்டுகளைப் பார்த்தேன். எல்லாமே முனையில் சுருண்டிருக்கின்றன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது உடல் பருத்து முனைக்கு நேரே கீழிறங்கி நிற்கிறது. ஒரு தாளைக்கூட இடையில் நுழைக்க முடியவில்லை. மீனைப் பொறுத்தவரை, மூக்கைக் கண்டதாக நினைவில்லை. முதுகு உருண்டு வர, பின்னால் வால் நுனி தெரியும், அவ்வளவுதான்.

சீனக்குடாப் பெரியவர்:

அப்படியானால் மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டது.

முடிச்சிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் கடலில் தடித்த தங்கூசிக்குப் போடும் அதே முடிச்சை, அதே வேகத்தில், 6எக்ஸில் போடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 6எக்ஸ் என்பது 0.127 மில்லிமீற்றர் விட்டம். நுனியைத் தூண்டிலின் கண்ணுக்குள் (நூல் கோக்கும் துளை) விட்டு, நூலின் மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியைக் கண்ணருகிலுள்ள சிறு வளையத்துக்குள்ளும் பிறகு பெரிய வளையத்துக்குள்ளும் விட்டு, வாயில் வைத்து நன்றாக நனைத்து, மெதுவாக இறுக்க வேண்டும். உலர்ந்தபடி வெடுக்கென்று இழுத்தால் உராய்வுச் சூட்டில் நைலோன் பலமிழக்கும். அரைகுறையாக இறுகினால் மீனின் உதறலில் வழுக்கும். கட்டி முடித்ததும் தூண்டிலை வைஸில் (ஈ கட்டும்போது தூண்டிலைப் பிடிக்கும் இடுக்கி) மாட்டி, நிதானமாக இழுத்துப் பாருங்கள். நைலோன் சுருளைத் தகரக் கூரைக்குக் கீழும் வெயில் விழும் யன்னலோரத்திலும் வைக்காதீர்கள். நமது ஊர் வெயிலுக்கு மெல்லிய நைலோன் தாக்குப்பிடிக்காது.

உடலைப் பற்றி நானா சொன்னதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. உடலுக்கும் முனைக்கும் நடுவே தூண்டில் வாயின் முக்கால் பங்காவது வெறுமையாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. கட்டத் தொடங்குமுன், முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நிற்கும் எதிர்முள்ளைச் சிறு குறட்டினால் நசுக்கிவிட்டால் முனை எளிதாக இறங்கும், சிறிய மீனை அதிகக் காயமில்லாமல் விடவும் முடியும்.

இனி முக்கியமானது. முதுகும் வாலும் தெரிந்து மூக்குத் தெரியாவிட்டால், அந்த மீன் நீரின் மேற்பரப்பிலிருப்பதை எடுக்கவில்லை. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே தொங்குவதை எடுக்கிறது. கடிக்காத கொசு போன்ற அந்தப் பூச்சியை நீங்களும் கண்டிருப்பீர்கள். கந்தளாய்க் குளத்துப் பக்கம் மழைக்குப் பின் விளக்கைச் சுற்றி மொய்ப்பது அதே குடும்பந்தான். அதன் கூட்டுப்புழு சேற்றிலிருந்து எழுந்து, நீர்த்தோலைக் கிழித்து வெளிவருமுன் அதன் அடியில் சிறிது நேரம் தொங்கிக்கொண்டிருக்கும். ட்ரவுட்டுக்கு அதைவிட எளிதான இரை இல்லை. நீங்கள் கண்ட குமிழ்களில் பல, உங்கள் ஈக்குப் பக்கத்தில் இருந்த உண்மைப் பூச்சிக்காக எழுந்தவையாக இருக்கலாம். கொத்தாத மீனுக்குத் தடியைத் தூக்கியதால்தான் கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

ஆகவே சேவல் இறகையே விட்டுவிட்டுக் கூட்டுப்புழு போன்ற ஈயைக் கட்டுங்கள். நமது ஊர்ச் சேவலின் கழுத்திறகில் 20ஆம் இலக்கத்துக்குப் பொருந்தும் குறுகிய இழை கிடைப்பதும் அரிது. நூலைக் கண்ணுக்குப் பின்னால் பிடித்து, வளைவு தொடங்கும் இடம்வரை ஒரே படையாகச் சுற்றிக்கொண்டு போங்கள். அங்கே, பழைய மின்மாற்றிச் சுருளிலிருந்து எடுத்த தலைமுடியளவு செம்புக் கம்பியைக் கட்டி, நூலை முன்னே கொண்டுவந்து, கம்பியை இடைவெளிவிட்டு நான்கைந்து சுற்றுச் சுற்றி முடியுங்கள். முன்பக்கத்தில் மட்டும் நூலைச் சற்றுக் கூட்டி நெஞ்சுப் பகுதியைத் திரட்டி, அதன் உச்சியில் வெள்ளைக் கம்பளி நூலின் ஒரு துளியை வைத்துவிட்டால் மூச்சுத் தூவி போலிருக்கும். கண்ணுக்குப் பின்னால் கண்ணளவு இடம் வெறுமையாக இருக்க வேண்டும். முடிச்சு அமர்வதற்கு அந்த இடம் தேவை.

இதைத் தனியே போட்டால் மீன் எடுப்பது உங்களுக்குத் தெரியாது. 14ஆம் இலக்கத்தில் நன்றாக மிதக்கும் ஈ ஒன்றை முதலில் கட்டி, அதன் தூண்டில் வளைவிலிருந்து ஓரடி டிப்பெட்டில் புழுவைக் கட்டி விடுங்கள். மேல் ஈ தயங்கினாலோ தாழ்ந்தாலோ தடியைத் தூக்கினால் போதும். பாரைக்கு வெட்டி இழுப்பதுபோல இதை இழுத்தால், புது முடிச்சும் நிற்காது.

உப்புவெளித் தூண்டில்:

நானா சொன்னபடி வலை நூலைப் பிரித்துக் கட்டினேன். முதலில் இழைகள் சிலிர்த்துக்கொண்டு தொல்லை தந்தன. விரலை ஈரமாக்கிக்கொண்டு சுற்றியபோது தட்டையாகப் படிந்தன. உடல் இப்போது தண்டைவிடச் சற்றே தடிப்பு. வைஸில் மாட்டி இழுத்தபோது, நனைத்து இறுக்கிய முடிச்சு வழுக்கவில்லை. மலைக்குப் போகுமுன் கந்தளாயில் சிறு கெண்டைகளுக்குப் போட்டுப் பார்த்தேன். கொத்தியவற்றில் பெரும்பாலானவை உதட்டோரத்தில் மாட்டிக் கரைக்கு வந்தன. எதிர்முள் இல்லாததால் தளர்த்தியதும் கழன்றுபோகின்றன. நூலைத் தளரவிடாமல் பிடிக்கப் பழகவேண்டும்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள் உள்ளன. தலைக்கு நகப்பூச்சு வைத்தால் கண் அடைபட்டு நூல் நுழைய மறுக்கிறது. கட்டி வைத்த ஈக்களில் சில, தொடாமலே பழுப்பேறுகின்றன.

கிண்ணியா வலைக்காரர்:

பழுப்பேறுவது உப்புக் காற்றால். கடற்கரையில் மெல்லிய கம்பியை மூடிவைத்தாலும் ஈரம் தேடிவரும். இறுக்கமான மூடியுள்ள போத்தலில், மருந்துப் புட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தையும் போட்டு வையுங்கள். ஈரமான ஈயை அதே போத்தலில் திருப்பிப் போடாமல் வேறாக உலர்த்துங்கள். துருப்பிடித்த மெல்லிய தூண்டிலை உரசித் திருத்த முயல வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

சீனக்குடாப் பெரியவர்:

நகப்பூச்சைத் தூரிகையால் வைக்காதீர்கள். தையல் ஊசியின் நுனியில் ஒரு பொட்டளவு எடுத்து, தலையின் பின்பகுதியில் தொட்டுவிட்டால் அது தானாக நூலுக்குள் ஊறும். அது காய்வதற்குமுன், பயன்படுத்திய டிப்பெட்டின் ஒரு துண்டைக் கண்ணுக்குள் நுழைத்து இழுத்துவிடுங்கள். நூல் இறுதி முடிச்சு அவிழாமல் நின்றால், இவ்வளவு சிறிய ஈக்குப் பூச்சே இல்லாமலும் விடலாம்.

போகும் இடத்தின் அனுமதியைப் புறப்படுமுன் மறுபடி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஹோர்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. நுவரெலியாவில் பெற்ற அனுமதியோடு அங்கே போய்த் தடியை விரிக்க முடியாது.

உப்புவெளித் தூண்டில்:

அனுமதி விடயத்தைப் பார்த்துக்கொள்கிறேன் ஐயா. டிப்பெட் துண்டை நுழைத்து இழுக்கும் வழி வேலை செய்கிறது. இன்று கட்டியவற்றில் எதன் கண்ணும் அடைபடவில்லை. என் கேள்வியைத் தீர்ந்ததாகக் கொள்ளலாம்.